பொதி மேலாளர்

தோற்றுவாய்

ஒரு பொருளை ஆக்குதல் ஒரு திறம். ஆக்கிய பொருளை வேண்டுவார் கையிற் குறைவின்றிச் சேர்ப்பித்தல் மற்றொரு திறம். முன்னதனை உலகம் போற்றும். பின்னதனைப் பெரும்பாலும் மறந்துவிடும். துறைமுகத்தை அடுத்து வாழும் எம்போல்வார்க்கோ இப்பின்னது நாடோறும் கண்முன் நிற்பதொன்றாம். கொடுங்கையூரிலுள்ள எம் இல்லத்தினின்று கல்லூரிக்குப் புறப்படுங்கால், சரக்குப் பெட்டகங்களைச் சுமந்த நெடிய லாரிகள் துறைமுகம் நோக்கி ஊர்ந்து செல்லக் காண்கின்றோம். எங்கோ செய்யப்பட்ட பொருளொன்று கடலையும் சுங்கத்தையும் கடந்து நம் தெருக் கடைக்கு வந்து சேர்வதற்குள் எத்துணைக் கைகள் அதனைத் தாங்குகின்றன!

கணினியுலகிலும் ஆக்குவோர்க்கும் கொள்வோர்க்கும் இடைநின்று செயலிகளைக் கொணர்ந்து சேர்க்கும் கருவியொன்று உண்டு. அதனைப் பொதி மேலாளர் என்பர். அது செயலிகளை எங்ஙனம் நிறுவுகின்றது, எங்ஙனம் மேம்படுத்துகின்றது, அவ்விரண்டினும் காணப்படும் குறைகள் யாவை, அவற்றைத் தீர்க்கும் வழிகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரைக்கண் ஒருவாறு ஆராய்வாம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், எமக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே அதற்குக் காரணம். அதனை முதற்கண் கூறுவாம்.

ஓர் இரவு

சென்ற ஆண்டில் ஒரு தவணைக் கட்டுரை எழுதி ஒப்படைக்க வேண்டியிருந்தது. பொருள், பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க முறை. எம் இல்லத்தில் பழைய மடிக்கணினி ஒன்று உளது. அதன் மின்கலம் உயிரிழந்து நெடுநாளாயிற்று. மின்கம்பியினின்று பிரிந்தால் அந்நொடியே அணைந்துவிடும். பழைய கணினிக்குப் பொருந்தும் என்று அறிந்தோர் கூறியபடி லினக்ஸ் வகையொன்றை அதில் நிறுவி வைத்திருந்தோம். பத்து நாள் உழைத்து எழுதிய கட்டுரை அதனுள் இருந்தது.

ஒப்படைக்கும் நாளுக்கு முன்னிரவு, கட்டுரையை முடித்துச் சேமித்தபின், மேம்படுத்தல்கள் காத்திருக்கின்றன என்னும் அறிவிப்பொன்று திரையில் தோன்றிற்று. நல்லதென்றெண்ணி இசைவு தந்தோம். அன்றைய கைப்பேசி இணையப் பங்கு முழுதும் அதற்கே செலவாயிற்று. இறக்கம் முடிந்து பொதிகள் ஒவ்வொன்றாய் விரிக்கப்பட்டுக் கொண்டிருந்தபோது தெருவில் மின்சாரம் நின்றது; கணினியும் அணைந்தது. ஒரு மணி நேரம் கழித்து மின்சாரம் மீண்டபின் கணினியை முடுக்கினால் வழக்கமான திரை எழவில்லை. கருந்திரையில் பயனர் பெயரைக் கேட்கும் ஆங்கில வரி ஒன்றே நின்றது. கட்டுரை அழிந்தொழிந்தது என்றே முடிவு செய்தோம். அழுவதற்கும் நேரமில்லை. குறிப்பேட்டைத் துணைகொண்டு, நினைவிலிருந்தவற்றை விடியும் வரையில் கையால் எழுதினோம்.

மறுநாள் காலையில் கணினித்துறை மூத்த மாணவர் ஒருவர் அக்கணினியைப் பார்த்தார். பொதி மேலாளரை ஏவும் கட்டளை ஒன்றை இட்டார். அதற்கு அக்கருவியே விடை கூறிற்று: முன்னைய பணி இடையில் முறிந்தது என்றும், இன்ன கட்டளையைப் பயனரே தம் கையால் இட்டு அதனைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் அறிவித்தது. அவர் அக்கட்டளையை அவ்வாறே இட்டார். சில நிமிடத்தில் எஞ்சிய பொதிகள் தத்தம் இடத்தில் அமைந்தன, திரை எழுந்தது, எம் கட்டுரையும் ஓரெழுத்தும் குறையாமல் அங்கேயே இருந்தது.

பொதி மேலாளர் கையாள்வது செயலிகளுக்குரிய கோப்புக்களையே. பயனர் எழுதிய கோப்புக்கள் வேறோர் அடைவில் இருப்பன. அவற்றை அது தொடுவதில்லை என்று அவர் விளக்கினார். நோயும் அதற்குரிய மருந்தும் கணினிக்குத் தெரிந்தேயிருந்தன. தெரியாதிருந்தவர் யாமே. மருந்தை அறிந்த மருத்துவன், நோயாளியை நோக்கி, நீயே அம்மருந்தை அரைத்து உண்க என்று அயன்மொழியிற் கூறிவிட்டுப் போனது போலும் இது! அன்று தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

பொதி என்பது யாது

செயலி ஒன்று ஒரே கோப்பால் ஆயதன்று. இயங்கும் நிரல், படங்கள், உதவிக் குறிப்புக்கள், அமைப்புக் கோப்புக்கள் எனப் பல உறுப்புக்கள் அதற்கு உண்டு. அவற்றை ஒருங்கே கட்டி, இன்ன பெயர், இன்ன பதிப்பு என்று குறித்து வைத்ததே பொதி. லினக்ஸ் வகைகளுள் பழையதும் பலவற்றிற்குத் தாயுமாகிய டெபியன், 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் இயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பட்டது. டெபியன் முறையில் பொதி ஒவ்வொன்றும் மூன்று உறுப்புடையது: பொதியமைப்பின் பதிப்பைக் கூறும் சிறு கோப்பு ஒன்று, பெயர், பதிப்பு, சார்பு, விளக்கம் ஆகியவற்றையும், நிறுவும்போதும் நீக்கும்போதும் இயங்க வேண்டிய சிறு நிரல்களையும் கொண்ட கட்டுப்பாட்டுத் தொகுதி ஒன்று, கணினியிற் போய் அமர வேண்டிய கோப்புக்களின் தொகுதி ஒன்று.

இப்பொதிகளைக் கையாளுங் கருவிகள் இரண்டு நிலையின. டிபிகேஜி என்பது கீழ்நிலையது. கையிற் கொடுத்த பொதியை விரித்து, அமைத்து, அதன் நிலையை ஓர் ஏட்டிற் பதிந்து வைப்பது. ஆப்ட் என்பது மேல்நிலையது; களஞ்சியத்திற் பொதியைத் தேடி, அதற்கு வேண்டுவன யாவை எனக் கணக்கிட்டு, அனைத்தையும் இறக்கிக் கீழ்நிலைக் கருவியின் கையிற் கொடுப்பது. 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த டெபியன் 2.1-இல் ஆப்ட் முதன்முதல் இடம்பெற்றது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த டெபியன் 13-இல் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன.

பொதி நடுவழியிற் கெடாமைக்குக் காவலும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுவனவும் இறக்குவனவுமாகிய பொதிகளின்மீது சோழர் சுங்கத்தார் புலிப்பொறி இட்டனர் என்பதைப் பட்டினப்பாலை கற்றோர் அறிவர். அங்ஙனமே களஞ்சியத்தின் பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் உரிய எண்முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. அப்பட்டியலோ களஞ்சியத்தாரது மறைக்குறிக் கையொப்பம் பெற்றது. பொதியில் ஓரெழுத்து மாறினும் முத்திரை ஒவ்வாது. மேலாளர் அதனை ஏலாது. அயலார் தளங்களிற் கண்டவாறு செயலிகளை இறக்கிக்கொள்வதினும் களஞ்சிய வழி பாதுகாப்புடையது என்பதற்கு இதுவே காரணம்.

சார்பும் அவாய்நிலையும்

பொதி மேலாண்மையின் அருமை முழுதும் சார்பு என்னும் ஒன்றிலேயே அடங்கியுள்ளது. 'கொடுத்தான்' என்னும் வினைமுற்று, கொடுத்தவன் யார், கொடுத்தது யாது, கொண்டவன் யார் என்பவற்றை அவாவி நிற்கின்றது. அவை வந்து இயைந்தாலன்றித் தொடர் நிரம்பாது. இதனை நம் உரையாசிரியர் அவாய்நிலை என்பர். பொதியும் அத்தகையதே. கடிதம் எழுதும் செயலி, எழுத்துரு வரையும் நிரலகம் ஒன்றை அவாவும், அந்நிரலகம் படம் வரையும் மற்றொன்றை அவாவும், அது வேறொன்றை. இன்ன பதிப்பிற்குக் குறையாதது வேண்டும், இன்னது உடனிருத்தல் கூடாது என்னும் விலக்குக்களும் உள. இவையனைத்தும் ஒருங்கே பொருந்துமாறு பொதிகளைத் தெரிதல், கணித நூலார் மிகக் கடினமென வகுத்த கணக்குக்களுள் ஒன்றாகும்.

இம்முறையால் விளையும் நன்மை பெரிது. ஒரு நிரலகம் ஒரே படியாய் இருந்து நூறு செயலிகளுக்கு உதவும். வட்டில் இடம் மிஞ்சும். அந்நிரலகத்தைத் திருத்தினால் நூறு செயலிகளும் ஒருங்கே திருந்தும். தீமையும் அதிலேயே உண்டு. அந்நிரலகம் பழுதுபட்டால் நூறும் ஒருங்கே நிற்கும். எம் கணினியில் அன்றிரவு நேர்ந்தது இதுவே.

நம் நாட்டில் இதன் நிலை

இஃது எங்கோ உள்ள அறிஞர்க்கு மட்டும் உரிய செய்தி எனல் ஆகாது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவினர் உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளம் 2007-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அது டெபியனை அடியாகக் கொண்டதாதலின் அதன் பொதி முறையும் டெபியனதே. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் தளமும் சேர்த்து மாணவர்க்கு வழங்கப்பட்டது. எனவே பொதி மேலாளர் பல இலட்சம் தமிழ் இல்லங்களின் வாயிலைக் கடந்து உள்ளே சென்ற கருவியாகும். சென்றும், அதனைத் திறந்து பார்த்தவர் தொகை சிறிது என்பதை எம் வகுப்பினரை வினவி அறிந்தோம்.

மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 என்னும் தளத்திற்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அதற்கு அடுத்த தளமோ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. அக்கணினிகள் செல்லும் இடம் யாது? மாநகரின் குப்பை பன்னெடுங்காலமாய் வந்து குவிந்த கொடுங்கையூரில் வாழ்வோர்க்கு இவ்வினா ஏட்டு வினாவன்று. லினக்ஸ் வகைகள் பழைய கணினிக்கு மறுவாழ்வு தருவன. ஆயின் அவ்வாழ்வு நிலைத்தல், செயலிகளை அச்சமின்றி நிறுவவும் மேம்படுத்தவும் இயலுமா என்பதைப் பொறுத்ததாம்.

குறைகளும் திருத்தங்களும்

முதற்குறை, பயனர் வேண்டுவது செயலியாக, மேலாளர் காட்டுவது பொதியாக இருத்தல். எழுதுதற்குரிய செயலி ஒன்று வேண்டுமெனத் தேடினால் நிரலகங்களும், ஆக்குவோர்க்குரிய கோப்புக்களும், குறிப்பேடுகளுமாகப் பற்பல பெயர்கள் வந்து நிற்கின்றன. டெபியனில் லிபர்ஆபீஸின் எழுத்துச் செயலி ஒரு பொதி. அதனைத் தமிழில் காட்டும் மொழிக்கோப்பு வேறொரு பொதி. முன்னதை மட்டும் நிறுவியவர், இச்செயலி தமிழ் அறியாதது என்று எண்ணிப் போவர். இக்குறையை நீக்க முயன்றோர் பலர். 2009-இல் உபுண்டு 9.10 ஒரு மென்பொருள் நிலையத்தை அமைத்துச் செயலிகளை வகைப்படுத்திக் காட்டிற்று. 2011-இல் பல லினக்ஸ் குழுவினர் ஒன்றுகூடி, ஒவ்வொரு செயலிக்கும் பெயர், படம், விளக்கம் ஆகியவற்றை ஒரே முறையில் எழுதிவைக்கும் ஆப்ஸ்ட்ரீம் என்னும் நெறியை வகுக்கத் தொடங்கினர். இனிச் செய்ய வேண்டுவது, கணினியின் மொழி தமிழாயின், செயலியை நிறுவும்போதே அதன் தமிழ்க் கோப்பையும் உடன் கொணர்தலாம். கேட்டபின் கொடுப்பதினும் குறிப்பறிந்து கொடுத்தல் சிறந்ததன்றோ?

இரண்டாங்குறை, இயங்கிக்கொண்டிருக்கும் செயலியின் கோப்புக்களை அதன் காலடியிலேயே மாற்றுதல். பயர்பாக்ஸ் திறந்திருக்கும்போது அதன் பொதி மேம்பட்டால், புதிய பக்கம் திறக்க மறுத்து, மீளத் தொடங்குமாறு அது வேண்டுவதைக் காணலாம். ஓடும் வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது போல்வது இது. இதற்கு இருவகைத் தீர்வு கண்டுள்ளனர். 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த பெடோரா 18, மேம்படுத்தலை முன்னரே இறக்கி வைத்து, கணினி மீண்டும் எழும்போது வேறு செயலி எதுவும் இயங்காத நிலையில் அதனை முடிக்கும் முறையைக் கொணர்ந்தது. இம்முறை பாதுகாப்புடையதாயினும், அவசரமாகக் கணினியைத் திறப்பவரைக் காக்க வைப்பது. மற்றொன்று, செயலி இயங்குகின்றதா என்று பார்த்து, இயங்குமாயின் அதனை மூடும் வரையில் காத்திருத்தல். செயலிகளுக்கு இப்பின்னையதே தக்கதென்பது எம் கருத்து.

மூன்றாங்குறை, எம்மை வருத்திய குறை: இடைமுறிவு. மேம்படுத்தல் பாதியில் நின்றால் கணினி பழையதுமாகாது, புதியதுமாகாது, இரண்டுங்கெட்ட நிலையில் நிற்கும். முழுதும் நிகழ்தல், அன்றேல் ஒன்றும் நிகழாமை என்னும் இரண்டே நிலைகள் இருத்தல் வேண்டும். இஃது இயலுமோவெனின், இயலும். நெதர்லாந்து நாட்டு உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டால்ஸ்ட்ரா 2006-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, நிக்ஸ் என்னும் மேலாளரைப் பற்றியது. அதில் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனி அடைவில் அமர்கின்றது. பழையதன்மீது புதியது எழுதப்படுவதில்லை. எல்லாம் முடிந்தபின் வழிகாட்டும் இணைப்பு ஒன்றுமட்டும் பழையதினின்று புதியதற்கு ஒரே நொடியில் திரும்புகின்றது. அதற்கு முன் மின்சாரம் நின்றால் பழையது அவ்வாறே இருக்கும். புதியது பொருந்தாவிடின் இணைப்பைத் திருப்பிப் பழையதற்கு மீளலாம். 2016-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7 பதிப்பும், இயங்குதளத்திற்கு இரண்டு இடம் ஒதுக்கி, ஒன்றில் பயனர் பணிசெய்யும்போதே மற்றொன்றில் புதியதை எழுதும் முறையைக் கொணர்ந்தது. கைப்பேசிக்கு வாய்த்த இந்நலம் மேசைக் கணினிக்கும் வாய்த்தல் வேண்டும்.

நான்காங்குறை, இணையச் செலவு. ஒரு நிரலில் நாலு வரி மாறினும் முழுப் பொதியையும் மீள இறக்குதல் டெபியனின் பொதுவழக்கு. அளந்து கிடைக்கும் இணையத்தில் வாழும் மாணவர்க்கு இது பெருஞ்சுமை. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறைகள் உள்ளன. அவை பரவ வேண்டும். இணையமே இல்லாத கணினிக்கு வேண்டுவனவற்றை வேறிடத்தில் இறக்கி, நினைவுக்கோலில் எடுத்துச் செல்ல உதவும் ஆப்ட்-ஆப்லைன் என்னும் கருவியை நம் நாட்டவராகிய ரிதேஷ் ராஜ் சர்ராஃப் இயற்றியுள்ளார். கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இறக்கிய பொதிகளைச் சேமித்து வைத்துப் பிறர்க்கு வழங்கும் இடைநிலைக் களஞ்சியம் அமைத்தலும் அரிதன்று. ஒருவர் இறக்கியதை நூற்றுவர் பெறலாம்.

ஐந்தாங்குறை, காலமல்லாக் காலத்து வினாக்கள். பயனர் மாற்றியிருந்த அமைப்புக் கோப்பு ஒன்றைக் களஞ்சியத்தாரும் மாற்றியிருந்தால், மேம்படுத்தலின் இடையே நின்று, எதனை வைத்துக்கொள்வது என்று மேலாளர் வினவுகின்றது. அறிந்தோர்க்கு அது நன்று. அறியாதார், விடை தெரியாமல் கணினியை அணைத்துவிட்டு இடைமுறிவிற்கு இரையாவர். வினவ வேண்டுவன யாவும் பணி தொடங்குமுன்னரே வினவப்படுதல் வேண்டும். விடை வாராவிடின் பயனரது கோப்பையே காத்து மேற்செல்லுதல் வேண்டும்.

பெட்டக முறை

இக்குறைகளிற் பலவற்றை ஒருங்கே தீர்க்க எழுந்தது மற்றொரு முறை. முற்காலத்துத் துறைமுகங்களில் மூட்டையும் பீப்பாயும் தனித்தனியே ஏற்றி இறக்கப்பட்டன. 1956-இல் அமெரிக்கராகிய மால்கம் மக்லீன், பொருள்களைப் பெட்டகத்தில் அடைத்துப் பெட்டகத்தையே கப்பலில் ஏற்றும் வழக்கைத் தொடங்கினார். சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-இல் அமைந்தது. கணினியிலும், செயலியையும் அதற்கு வேண்டும் நிரலகங்களையும் ஒரே பெட்டகத்தில் அடைத்து அனுப்பும் முறை தோன்றிற்று. ஆப்இமேஜ், ஸ்னாப், பிளாட்பேக் என்பன அவ்வகையின. பின்னிரண்டும் 2016-ஆம் ஆண்டளவில் பரவின. லினக்ஸின் கருவை 1991-இல் ஆக்கிய லினஸ் டார்வால்ட்ஸே, 2014-இல் டெபியன் மாநாட்டில், தாம் எழுதிய மேசைச் செயலி ஒன்றை எல்லா லினக்ஸ் வகைகளுக்கும் பொதியாக்கித் தருதல் பெருந்தொல்லையாயிருந்தது என்று குறை கூறினார். பெட்டக முறையில் அத்தொல்லை இல்லை. ஒரு பெட்டகம் பல வகைகளிலும் இயங்கும். ஸ்னாப் முறை பழைய பதிப்பையும் வைத்துக்கொள்வதால் மீளுதல் எளிது. பெட்டகத்துள் இருக்கும் செயலி, பயனரின் கோப்புக்களை அவர் இசைவின்றித் தொடாவாறு வேலியிடவும் கூடும்.

தடையும் விடையும்

அற்றேல், எல்லாவற்றையும் பெட்டகமாக்கிவிடலாமே எனின், அன்று. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் நிரலகத்தில் ஹார்ட்பிளீட் எனப் பெயர் பெற்ற பெரும்பிழை வெளிப்பட்டது. பொதி முறையில் அந்நிரலகம் ஒன்றைத் திருத்தி, அதனைச் சார்ந்தவற்றை மீளத் தொடங்கியவளவில் அவையனைத்தும் காவல் பெற்றன. அந்நிரலகம் ஒவ்வொரு பெட்டகத்துள்ளும் தனித்தனியே அடைபட்டிருக்குமாயின், ஒவ்வொன்றையும் அதனதன் ஆக்கியோர் திருத்தும் வரையில் காத்திருத்தல் வேண்டும். வட்டில் இடமும் மிகுதியாகச் செலவாகும். இதனையுணர்ந்தே பிளாட்பேக், பலர்க்கும் பொதுவாகிய நிரலகங்களை ஓர் அடித்தளமாகத் தனியே வைத்து, செயலிக்கே சிறப்பாக வேண்டுவனவற்றை மட்டும் பெட்டகத்தில் அடைக்கின்றது. ஒத்த கோப்புக்களை ஒரே படியாகவும் சேமிக்கின்றது. ஆதலின் தளத்தின் அடிப்படை பொதி முறையிலும், விரைந்து மாறும் மேசைச் செயலிகள் பெட்டக முறையிலும் வருதலும், பயனர்க்கு இரண்டும் ஒரே வாயிலில் கிடைத்தலும் தக்கன என்பது எம் துணிபு.

இனி, எல்லாவற்றையும் கணினியே செய்துகொண்டால் பயனர் அறியாமையிலேயே நிற்பர். கட்டளைகளைக் கற்றலன்றோ நன்று என்று கூறுவாரும் உளர். கற்றல் நன்றே, அதனை யாம் மறுக்கவில்லை. ஆயின் இலக்கணம் கற்றபின்னரே பேச வேண்டுமென்று குழவியை எவரும் வாய்மூடச் செய்வதில்லை. பேசிப் பழகிய மொழியின் இலக்கணத்தையே பின்னர்ச் சுவைத்துக் கற்கின்றோம். அஞ்சாது பயன்படுத்தியவரே பின்பு ஆழ்ந்து கற்பர். முதல்நாளே அஞ்சியவர் கணினியை மூடி வைத்துவிடுவர்.

தமிழ் மாணவர் கடன்

மேற்கூறிய திருத்தங்களிற் பல நிரல் எழுதுவோர் செய்ய வேண்டுவன. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அன்றிரவு எம்மை வருத்தியது மின்சாரம் நின்றது மட்டுமன்று. கணினி கூறியது எமக்கு விளங்காமையுமாம்.

டெபியனில் பொதிகளின் விளக்கங்களைப் பன்மொழியிலும் பெயர்த்தமைக்கும் திட்டம் ஒன்று நடைபெறுகின்றது. அதில் எவரும் பங்குகொள்ளலாம். விளக்கம் ஒவ்வொன்றும் சில வரிகளே. ஆயினும் ஒரு செயலி இன்னதற்குப் பயன்படுவது என்பதைத் தெள்ளிய தமிழில் எழுத, நிரல் அறிவினும் மொழியறிவே மிகுதியாக வேண்டும். ஒரு சான்று காட்டுவாம். ஆப்ட் கருவியில் 'அப்டேட்' என்பது களஞ்சியப் பட்டியலை மட்டும் புதிதாகப் பெறுவது. 'அப்கிரேட்' என்பது பொதிகளையே புதிய பதிப்பிற்கு உயர்த்துவது. ஆங்கிலம் அறிந்தோரும் இவ்விரண்டனையும் மயங்குவர். தமிழில் முன்னதனைப் 'பட்டியல் புதுப்பித்தல்' என்றும் பின்னதனைப் 'பொதி மேம்படுத்தல்' என்றும் எழுதினால் மயக்கத்திற்கே இடமில்லை. சொல் பொருளை விளக்குமாயின் பாடம் பாதி முடிந்ததாம். ஒரே கருத்திற்கு ஓரிடத்தில் ஒரு சொல்லும் மற்றோரிடத்தில் வேறொரு சொல்லும் வாராமற் காத்தலும் நம்மனோர் கடனே.

அன்று கருந்திரை எழுந்த இடத்தில் கீழ்க்கண்ட மூன்று வரிகள் தோன்றியிருப்பின் யாம் ஓரிரவு முழுதும் துயின்றிருப்போம்:

'மேம்படுத்தல் இடையில் நின்றுவிட்டது. தாங்கள் எழுதிய கோப்புக்கள் யாவும் காப்பாக உள்ளன. எஞ்சிய பணியை இப்போது முடிக்கலாமா?'

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், செயலியை நிறுவுதலினும் அதனை மேம்படுத்தலே பொதி மேலாளர்க்குப் பெருஞ்சோதனை என்பதும், மேம்படுத்தல் முழுதும் நிகழ வேண்டும் அல்லது நிகழாமலே இருத்தல் வேண்டும் என்பதும், இரண்டிடத்தும் பயனரது பணி கெடாமையே முதற்கடன் என்பதும், அக்கடனைக் கணினி அவர்தம் மொழியிற் கூறித் தேற்றுதல் வேண்டும் என்பதும் ஒருவாறு விளங்கும்.

எம் கையெழுத்துக் கட்டுரையை ஆசிரியர் அன்புடன் ஏற்றுக்கொண்டார். கணினியில் மீண்ட படியை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நினைவினின்று எழுதியதில் புலிப்பொறியைப் பற்றிய பகுதி முழுதும் விடுபட்டிருந்தது. கொடுங்கையூரிலோ வேறு எவ்வூரிலோ இன்றிரவு பழைய கணினியொன்றின் முன் அமர்ந்து எழுதும் மாணவர்க்கு அத்தகைய இழப்பு நேராதிருக்க, நம் கல்லூரி அன்பர்கள் நாளொன்றுக்கு ஒரு விளக்கமேனும் தமிழில் எழுதி உதவுவாராக.